ஐஸ்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது

ஆவடி சேக்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோருக்கும் பிடித்த, ஆனால் ஒருவர்கூட வீட்டுக்குக் கூப்பிடாத மனிதர் ஐஸ்பெட்டிதான். இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

யாரையும் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று அவரால் கேட்க முடியாது. ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் சும்மா நலம் விசாரித்துவிட்டார். அந்த மனிதர் அன்று மாலையே போய் ரத்தத்திலிருந்து ஈசிஜி வரை எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டார். கல்யாணங்களுக்குப் போகும்போது, தொழில் விஷயமாக வரவில்லை என்பது தூரத்திலேயே தெரியட்டும் என்று கிளிப்பச்சையில் சட்டை போட்டுக்கொள்வார். அவருடைய ஆசீர்வாதமும் தனி ரகம். மணமக்களிடம், உங்கள் வீட்டுப் பக்கம் நான் வரவே மாட்டேன், நன்றாக இருங்கள் என்பார்.

அவர் ஐஸ்பெட்டி ஆவதற்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். பிளஸ் டூவில் இருவருக்கும் ஒரே டியூஷன். ஒருநாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து நின்றார். ஏன் தாமதம் என்று வாத்தியார் கேட்டதற்கு, வழியில் ஒரு எருமை கன்று ஈன்றுகொண்டிருந்தது, பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "கன்னுக்குட்டி நல்லா கீது சார்" என்று வாத்தியாருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நிமிடமே என் மனசு போய்விட்டது. வாய்தான் வரவில்லை. அப்புறம் கல்லூரி, புனேயில் வேலை, அங்கேயே ஒரு கல்யாணம், அந்தக் கல்யாணத்துக்கு ஒரு முடிவு. சேக்காடு எனக்கு தீபாவளி விடுமுறையில் வந்துபோகிற ஊராகிவிட்டது.

போன வருடம் ஒரு காலையில் அப்பா போய்விட்டதாக அம்மா போன் செய்தாள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே காலம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக இந்த வீட்டைக் கட்டியவர். நான் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. கூடம் முழுக்க ஆட்கள். அப்போதுதான் பெட்டி வந்து, அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மூடியைப் பொருத்துவதற்கு முன்னால் ஒருவர் அப்பாவின் காதருகே குனிந்தார்.

"சார், கொஞ்சம் சில்லுனு இருக்கும். பொறுத்துக்கோங்க."

வழியெல்லாம் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அவர் நிமிர்ந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டார். எப்போது வந்தாய் என்று கேட்க வாயெடுத்து, அது அந்த இடத்துக்கான கேள்வி இல்லை என்று மூடிக்கொண்டார். அன்று வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மஸ்கட்டிலிருந்து என் அண்ணன் வந்து சேரும்வரை, ஸ்டெபிலைசர் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அம்மாவைத் தனியாக விட மனசில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் சம்மதம் வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால், அவருடைய எக்ஸ்டென்ஷன் வயர் கூடத்து மூலையில் கிடந்தது. கொடுக்கப் போனேன். ஒரு டீ குடித்தோம். அடுத்த வாரம் வயர் எதுவும் இல்லாமலே போனேன்.

இவரோடு பழகுவதில் ஒரு சங்கடம் உண்டு. சேர்ந்து நடந்தால், எங்கள் வீட்டில் இன்னொருவர் போய்விட்டதாக ஊர் நினைத்துக்கொள்ளும். டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்து, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். திருவேற்காட்டுக் கோயில் வாசலில் பூக்காரம்மா இவரைப் பார்த்ததும் கதம்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆளுயர மாலையா நைனா?" என்றாள். சாமிக்கு இரண்டு முழம் போதும் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். அவர் பதிலுக்கு, முன்பு காட்டுப்பாக்கத்தில் பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னார். பெண்ணின் தாத்தா இவரைக் கண்டதும், "நான் இன்னும் இருக்கேன்ப்பா" என்று சொல்லி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். கதை அதோடு நின்றது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒங்க ஊட்டு வாசல்ல நான் வந்து நின்னா, ஒங்கம்மாவுக்கு இன்னா ஞாபகம் வரும்? ஒங்கப்பா படுத்துக்கினு இருந்ததுதான் வரும். வேணாம். நீ வேற ஆளப் பாத்துக்க."

அதன் பிறகு என் போனை அவர் எடுப்பதே இல்லை.

கார்த்திகை மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒருநாள் அம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி. உட்காரக்கூடத் தெம்பில்லை, நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது. எந்த ஆட்டோவும் உள்ளே வரத் தயாராக இல்லை. ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எடுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

பெட்டியை ஷெட்டில் இறக்கிவிட்டு, வண்டியில் எழுதியிருந்த விளம்பரத்தின் மேல் நியூஸ் பேப்பர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தெரு முனைக்கு வருவதற்குள் மழை அந்தப் பேப்பரை உரித்துப் போட்டுவிட்டது. வண்டி வாசலில் நின்றதுதான் தாமதம், எதிர்வீட்டம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே யக்கா" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள். பின்னாலேயே குடைகளோடு நாலைந்து பேர்.

என் தோளில் சாய்ந்தபடி அம்மா படியிறங்கினாள். திருநெல்வேலிக்காரி. குரல் போனாலும் அதிகாரம் போகவில்லை.

"நா இன்னும் போவல. வழிய விடுங்க."

அவர் அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். அலைகிற தண்ணீரில் வண்டியை அத்தனை பக்குவமாக ஓட்டினார். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். கெட்டுப்போன ஏதோ சாப்பாடுதான் காரணம், பயமில்லை என்று டாக்டர் சொன்னதும், அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சாயங்காலம்தான் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அம்மாவை வாசல்படிவரை பிடித்துவந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா உள்ளே கூப்பிட்டாள்.

"வேணாம்மா. நான் வந்தா நல்லால்ல."

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இந்தக் கூடம் நெறைய ஆளு. எல்லாரும் அவரப் பத்திப் பேசுனாங்க. அவர்ட்ட பேசுனது நீங்க ஒரு ஆளுதான். ஒங்களப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் காபி போட உள்ளே போனேன். எவ்வளவு சர்க்கரை என்று கேட்கத் திரும்பி வந்தபோது அம்மா அவர் தோளில் கை வைத்திருந்தாள். கேட்காமலே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தை பிறந்ததும் பதிவுத் திருமணம். அலுவலகத்தில் எங்களைப் பார்த்த ஊழியர் எழுந்து நின்று, டெத் சர்டிபிகேட் இங்கே கிடையாது, மாநகராட்சி ஆபீஸில் கேளுங்கள் என்று பரிவோடு சொன்னார்.

இப்போதும் போன் அடித்தால், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வந்ததும் கொல்லையில் தலைக்குக் குளித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்காருவார். யார் வீடு, என்ன வயது என்று நான் கேட்பதில்லை. அவர் கை சில்லென்று இருக்கும். சோறு ஆறினால் ஆறட்டும் என்று, அது சூடாகும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.