தேர் வேகத்துக்கு ஒரு மூளை

"ஸ்பானர் எங்கே?" என்று கேட்டார் அம்மாசி.

"ஸ்பானர் வேணாம் மாமா. லாப்டாப் போதும்," என்றான் லோகேஸ்வரன்.

அம்மாசிக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. முப்பத்தைந்து வருஷம் தோட்டத்து லாரி ஓட்டியவர். கையில் கறுப்பு எண்ணெய் இல்லாதவனை மெக்கானிக் என்று அவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. ஆனால் காருக்குக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்க சுங்கை பட்டாணியில் இவனை விட்டால் ஆளில்லை என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். தோட்டத்து மாரியம்மன் தேருக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவது இருபது வருஷமாக அம்மாசியின் வெள்ளைக் கார்தான். தேரை ஆட்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். வீட்டுக்கு வீடு அர்ச்சனை, தேங்காய் உடைப்பு. ஆமைகூட அலுத்துப்போய் முந்திவிடும். போன வருஷம் காருக்கு வயசுக் கோளாறு. ஆட்டோ கியர் வண்டி. எண்ணெய்ப் பெடலை மிதிக்காமலே பிய்த்துக்கொண்டு ஓடிற்று. தேர் பள்ளிக்கூட முனையில் நிற்க, அம்மன் பாட்டு மட்டும் செமிலிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் சின்னையாவோட புது வண்டி போகட்டும்," என்றார் கோயில் தலைவர் முருகையா.

அம்மாசி சண்டை போட்டு ஒரு தவணை வாங்கினார். வெள்ளிக்கிழமை ஒத்திகை. கார் ஒழுங்காக ஊர்ந்தால் அவர், இல்லாவிட்டால் ரொம்ப நாளாக அந்த இடத்துக்குக் கண் வைத்திருந்த சின்னையா.

"பழைய மூளையைக் கழட்டிட்டா, காடிக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று லோகேஸ்வரனிடம் கேட்டார் அம்மாசி. தோட்டத்தில் காருக்குக் காடி என்றுதான் பேர்.

"காடிக்கு யாரையும் தெரியாது மாமா."

"உன் காடிக்குத் தெரியாது. புதுப் பெட்டிக்குள்ள என்னா இருக்கு?"

"எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும், எப்ப பொறி தட்டணும்னு கணக்கு."

"நான் ரோட்டுல போறப்ப, நீ வீட்டுல உக்காந்துக்கிட்டு அதை மாத்திப்புடுவியா?"

"இந்த வயரை மாட்டினாத்தான் மாத்த முடியும்."

"அப்ப வயரை என்கிட்ட குடு."

லோகேஸ்வரன் பெருமூச்சு விட்டான். "எல்லாரும் ஸ்பீடு கேட்டு வருவாங்க. உங்களுக்கு என்னா ஸ்பீடு?"

"தேர் வேகம்."

பெரியவர் கிண்டல் செய்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். "போலே, முடியும் மாமா, பறக்க விட்டுடலாம்!"

சொன்னபடியே செய்துவிட்டான். வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டதும் கார் ஒரே பாய்ச்சலில் கொல்லைக்குப் போய், துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு நின்றது. மனைவி அழகம்மாவின் கைலி காரின் ஏரியலில் கொடிபோலப் பறந்தது.

"பூச போடாம மாட்டினா இப்படித்தான்," என்றாள் அழகம்மா. "கழட்டிக் குடுங்க."

இதில் மட்டும் அவளை அவர் நம்பினார். பெட்டி சாமி படத்துக்கு முன்னால் போயிற்று. சந்தனம், குங்குமம், கற்பூரம். அழகம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. மேலே, கீழே, பக்கவாட்டில், வயர் சொருகும் ஓட்டைக்குள்ளும் விரலை விட்டுச் சந்தனம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் கார் ரெண்டடி போய் விக்கிற்று. நின்றது. மறுபடி விக்கிற்று. பின்னால் 'படார்' என்று வெடித்தது. மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அண்ணே, காடிக்குச் சாமி வந்திருச்சு! விபூதி போடுங்க லா!" என்று சின்னையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

முருகையா தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மாசி, ஞாயித்துக்கிழமை தேர். அதுக்குள்ள சரி பண்ணிடு. இல்லாட்டி நீ நடந்து வா."

இருபது வருஷம் தேருக்கு முன்னால் போனவர், சின்னையா வண்டியின் புகையைக் குடித்துக்கொண்டு நடப்பதா? சனிக்கிழமை விடியும்போதே லோகேஸ்வரனின் கடை வாசலில் கார் நின்றது.

"சாக்கெட்டுக்குள்ள சந்தனம் வெச்சது யாரு மாமா?"

"நீ வேலையைப் பாரு."

அவன் பிரஷ் போட்டுத் துடைத்தான். லாப்டாப்பைத் தட்டினான். கார் இப்போது மெதுவாக உறுமிற்று.

"இன்னும் குறை."

"இதுக்குக் கீழே போனா சூசா லா மாமா, கஷ்டம்..."

"ஓட்டப் போறது நானா, நீயா? குறை!"

குறைத்தான். முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பக்கத்தில் சிவப்பு ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டிற்று.

"அது என்னா?"

"நீங்க சொல்றது காடிக்குப் பிடிக்கலையாம்."

"எரிஞ்சிட்டுப் போவுது. என் பொண்டாட்டிக்கும்தான் பிடிக்கல."

ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தேர் புறப்பட்டது. காரின் கூரையில் ரெண்டு ஒலிபெருக்கி, அதற்குத் தனி பேட்டரி. பின் கண்ணாடியை வாழைமரமும் தோரணமும் மறைத்திருந்தன. சன்னலை ஒட்டி உருமி மேளம். அம்மாசிக்குத் தன் இருமலே கேட்கவில்லை.

முதல் நாலு வீடு வரை பிரேக்கில் கால் வைத்தபடி பயந்து பயந்து போனார். பள்ளிக்கூட முனை தாண்டியதும் வண்டி பதத்துக்கு வந்துவிட்டது. பிரேக்கே தேவைப்படவில்லை. தேர் நின்றால் கார் நின்றது. தேர் நகர்ந்தால் கார் நகர்ந்தது. உதறல் இல்லை, சூடு இல்லை, புகை இல்லை. அம்மாசி காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டினார். மூளை என்றால் இதுவல்லவா மூளை!

ரோட்டோரத்துச் சனம் காரைக் காட்டிக் கை தட்டிற்று. சிலர் போனில் படம் பிடித்தார்கள். அம்மாசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த லோகேஸ்வரன் பயலைக்கூட இனிமேல் மெக்கானிக் என்று சொல்லலாம் என்று முடிவு செய்தார். சின்னையாவைத்தான் எங்கேயும் காணவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டானோ!

மூன்று மணி நேரம். கார் கோயில் வாசலில் பூப்போல வந்து நின்றது. மேளம் ஓய்ந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை உமாராணி மோர் வாளியோடு வந்து சன்னலில் ஒரு கோப்பையை நீட்டினாள்.

"எனக்கு இருக்கட்டும்மா," என்றார் அம்மாசி பெருமையாக. "முதல்ல அந்தச் சின்னையா எங்கேன்னு தேடிக் குடு. வயிறு ரொம்ப எரிஞ்சிருக்கும்."

"அவருக்கு மூணு கப் குடுத்துட்டேன் மாமா. பள்ளிக்கூட முனையில உங்க எஞ்சின் நின்னுபோனதிலேருந்து, அவருதானே ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு உங்க காடியைத் தள்ளிக்கிட்டு வர்றாரு!"