பல் தெரியும் அந்தப் படம்

அன்புள்ள மைத்துனனுக்கு, மாவு மில்லிலிருந்து அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் ஏதோ இருக்கிறோம். நீ கம்பெனி கொடுத்த ஏசி அறையில் சௌக்கியமாகத்தான் இருப்பாய், அதனால் விசாரிக்கவில்லை.

நீ பெருமையாக அனுப்பிய வழவழப்பான புத்தகம் கிடைத்தது. அட்டையில் 'எங்கள் முதலீட்டால் மலர்ந்த வாழ்க்கைகள்'. உள்ளே முழுப் பக்கத்துக்கு நான். மீசையில் மாவு, வாய் நிறையப் பல். உன் அக்கா பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துல கூட நீங்க இப்படிச் சிரிக்கலையே" என்று கேட்டாள். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த வாழ்க்கையடா மலர்ந்தது? உன் வெளிநாட்டுக் கம்பெனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்நிலையம் கட்டியது, ரோடு போட்டது, பாலம் கட்டியது. ரோடு அவர்கள் லாரிக்கு, பாலம் அந்த ரோட்டுக்கு, கரண்ட் அவர்கள் சுரங்கத்துக்கு. எனக்குக் கிடைத்தது மின்கோபுரத்தின் ஒரு கால். என் மில் முற்றத்தில்தான் ஊன்றியிருக்கிறது. அன்றைக்கு நீயே வந்து, "கோபுரமே உங்க வீட்டுல நிக்குது, கரண்ட் உங்களுக்கு வராம வேற யாருக்கு அத்தான் வரும்?" என்று தேன் ஒழுகப் பேசிக் கையெழுத்து வாங்கினாய். நானும் மடையன் மாதிரி போட்டேன். கம்பி என் கூரைக்கு மேலே உய்யென்று இரைந்துகொண்டு போகிறது, கீழே இறங்குவேனா என்கிறது. முன்பு பழைய லைனில் அரை நாளாவது கரண்ட் வரும். கோபுரத்துக்கு இடைஞ்சல் என்று அந்த லைனின் கம்பத்தைப் பிடுங்கிய மகராசன்கள் திரும்ப நடவே இல்லை. மில் நின்று எட்டு மாதம் ஆகிறது.

அப்புறம் இந்தப் படம் எடுத்த கதை உனக்குத் தெரியுமா? ஒரு நாள் காலையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. "சும்மா ஓட்டிக் காட்டுங்க" என்றார்கள். ஏழு மாதம் கழித்து மோட்டார் உறுமியதும் எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இளித்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மில் சத்தம் கேட்டால் போதும், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். டீச்சரம்மா கையில் சாக்பீஸோடு ஓடி வந்தார், தையல்காரம்மா ஊசி நூலோடு ஓடி வந்தாள், ஆளுக்கொரு கோதுமை டின். மூன்று டின் அரைத்து, தையல்காரம்மாவின் டின்னைக் கொட்டிப் பாதி அரைபட்டிருக்கும், படக்காரன் "போதும்" என்றான், வயரைப் பிடுங்கிவிட்டார்கள். "ஐயா, பாதியில நிக்குதுய்யா" என்று கெஞ்சினேன். "படம் சூப்பரா வந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்!

மிச்சமான பதினான்கு டின்னும் சுவரோரம் வரிசையாக நிற்கிறது. டவுன் மில்லுக்குத் தூக்கிப் போனால் அரை நாள் வேலை கெடும் என்று யாரும் திரும்ப எடுக்கவில்லை. "வண்டு விழுந்துச்சு, உங்களைத்தான் கேப்பேன்" என்று தையல்காரம்மா தினமும் வந்து மூடியைத் திறந்து பார்க்கிறாள். இத்தனை வருஷம் என்னை நம்பி டின்னை வைத்துவிட்டுப் போன தெரு அது. இப்போது நான்தான் அவர்களை ஏமாற்றியதாக நினைக்கிறது. ஒன்று, வண்டு விழுவதற்குள் அந்தக் கம்பத்தை நட்டுக் கரண்ட் கொடுக்கச் சொல். இல்லை, என் பல்லை அந்தப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுக்கச் சொல். இரண்டும் முடியாதென்றால் இந்த வாசல் பக்கம் தலை காட்டாதே.

உன் அக்கா ஆசிகளை எழுதச் சொன்னாள். அவளுடையதை எழுதிவிட்டேன், என்னுடையது பாக்கி நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அதே லாரி வந்து நின்றது. இந்தத் தடவை வீடியோவாம். விரட்டத்தான் எழுந்தேன், டின் வரிசை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு மீசையில் மாவைப் பூசிக்கொண்டேன். மில் ஓட ஓட, "கரண்ட் வந்துச்சு, வாழ்க்கை மலர்ந்துச்சு" என்று சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையை விழுங்கினேன். "இன்னொரு தடவை சார்" என்றார்கள். பதினான்காவது டின் அரைபடும் வரைக்கும் அந்த வசனம் எனக்கு வாயில் நுழையவே இல்லை. அதற்கப்புறம் சுத்தமாகச் சொன்னேன், பல் தெரிய. ஆகவே படத்தைக் கிழிக்க வேண்டாம். அடுத்து எப்போது வருவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, தெருவில் சொல்லிவைக்க வேண்டும்.