பீரோவைப் பார்க்கும் உரிமை

மருமகள் கொண்டுவந்த சாமானை மதிப்பதில் நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்துக்கே, ஏன், இந்தப் பூமண்டலத்துக்கே வழிகாட்டி ஏம்பலம் பலராமன்தான். நம்பாதவர்கள் அவர் வீட்டுத் தெற்குச் சுவரைப் போய்ப் பார்க்கலாம். இப்போது அது முழுசாக இல்லை.

விஷயம் வெகு 'சுமுகமானது'. மகன் முத்துக்குமரனும் மருமகள் ஜெயசுதாவும் பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்பதாக முடிவு. ஜெயசுதா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: வில்லியனூரிலிருந்து வந்த சீர் அத்தனையும் திரும்பினால் கையெழுத்து. கழற்றிய கட்டில், மிக்சி, குத்துவிளக்கு எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறிவிட்டன. பீரோ மட்டும் வரவில்லை.

காரணம், வாஸ்து. கல்யாணமான மறுமாதமே ஒரு 'நிபுணர்' வந்து, "உள்ளே வந்த செல்வம் வெளியே போகக் கூடாது" என்று அறை வாசலை ஒன்றேகால் அடியாகக் குறுக்கவைத்தார். பீரோ அப்போது உள்ளே இருந்தது. அன்றிலிருந்து குடும்பமே நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போய்வந்தது. பலராமன் மட்டும் மூச்சை உள்ளிழுத்து, தொப்பையைத் தவணை முறையில் கடத்துவார். வாஸ்து இத்தனை கச்சிதமாகப் பலித்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

வக்கீல் கலைவேந்தன் வாசலை மூன்று தடவை அளந்து, டேப்பை மடக்கிவிட்டு, சட்டபூர்வமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"பீரோ இங்கியே இருக்கட்டும். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை, பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும், பொண்ணு வந்து பாத்துட்டுப் போலாம்."

"கொயந்தையப் பாக்க வர்றா மாதிரியா சார்?" என்றாள் ஜெயசுதா.

"அதேதாம்மா."

"மதியம் சாப்பாடும் போட்டுடறோம்," என்றார் பலராமன், தாராளமாக.

"எனக்கா, பீரோவுக்கா மாமா?"

மாமியார் தையலம்மாள் குறுக்கே புகுந்தாள். "ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போயேண்டி!"

"அறுத்தா அது சீர் இல்ல, பழைய இரும்பு. முழுசா வரணும். இல்லாங்காட்டி கையெழுத்து இல்ல."

முத்துக்குமரன் வழக்கம்போல அம்மா முகத்தைப் பார்த்தான். அவன் அபிப்பிராயம் அங்கேதான் எழுதியிருக்கும்.

பலராமனுக்கு வேர்த்தது. கையெழுத்து இல்லையென்றால் சண்டை, வழக்கு, வாய்தா. மகன் தலை நரைத்த பிறகுதான் தீர்ப்பு. "வாஸ்து வாசல்ல கை வெக்காதீங்கடா, சொவத்த ஒடைக்கலாம். கூப்புடுங்கடா கொத்தனார!" என்றார், படையெடுக்கும் ராஜா தோரணையில்.

கொத்தனார் அருள்தாஸ் அரைமணி நேரத்தில் தெற்குச் சுவரில் ஏழடிக்கு நாலடி வழி திறந்தார். பட்டுப் போர்வை போர்த்திய பீரோ, ஒரு கீறல் படாமல், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வெளியே வந்தது. அந்த வழியாகவே அறைக்குள் வெளிச்சம் நுழைந்தது.

"யம்மா, இன்னா காத்து!" தையலம்மாள் முந்தானையை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயசுதா மனுவைப் பீரோமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"காரணம்ங்கற எடத்துல கருத்து வேறுபாடுன்னு எழுதிடறேம்மா," என்றார் வக்கீல்.

"வாணாம் சார். நாலு வருஷமா அதே சொவத்துல ரெண்டடிக்கு ஒரு ஜன்னல் கேட்டேன். தெக்கால தொறந்தா குடும்பம் ஒடஞ்சிடும்னாங்க." டேப்பை எடுத்துப் பலராமன் கையில் கொடுத்தாள். "மாமா, பீரோவுக்கு வுட்ட வழிய அளந்து சொல்லுங்க. சார் அத எழுதிக்கட்டும்."