டிங் சாரின் இரண்டு பெஞ்சுகள்

விருத்தாசலத்தில் டிங் சாரைப் போலக் குழம்பியவரும் கிடையாது, ஊரைக் குழப்பியவரும் கிடையாது. எங்கள் ஏழாம் வகுப்பு ஆசிரியர். சொந்தப் பெயர் அவருக்கே சம்பள நாளில்தான் ஞாபகம் வந்திருக்கும்.

எங்களுடையது பீங்கான் ஊர். கடையில் கோப்பை வாங்கினால் சுண்டிப் பார்ப்போம். டிங் என்றால் நல்லது, டொக் என்றால் விரிசல். இதைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். மந்தம் என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலருக்குக் காதுதான் கோளாறாம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கோ தனியாகப் பாடம் வேண்டுமாம். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு கோப்பையும் கரண்டியும் போதும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ஒவ்வொருவராக வகுப்பைப் பார்த்து நிற்கவேண்டும். பின்னாலிருந்து அவர் டிங் என்று தட்டுவார். திரும்பாதவனுக்கு முன்வரிசையில் காது பெஞ்சு. மின்னலாகத் திரும்புகிறவனுக்குக் கடைசியில் மூளை பெஞ்சு.

எனக்கு நன்றாகவே கேட்டது. திரும்பவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நின்றேன். காது பெஞ்சுக்குப் போனேன். அன்றிலிருந்து என் இடது காதில் வாய் வைத்துத்தான் பாடம் நடத்தினார். வீட்டில் விளக்கெண்ணெய் விட்டார்கள்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் கலியமூர்த்தியோ, கரண்டி கோப்பையில் படுவதற்கு முன்பே திரும்பினான். டிங் சார் புல்லரித்துப்போனார்.

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டான்யா!"

கலியமூர்த்திக்கு மூளை பெஞ்சு. அறிவாளிக்குப் பேச்சு எதற்கு என்று அங்கே கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அவன் பத்தாம் வகுப்புக் கணக்கையெல்லாம் போட்டுத் தள்ளினான். ஆனால் மற்ற சார்கள் வாயால் கேட்டால் பதிலே இல்லை. டிக்டேஷனில் சைபர். இவன் அறிவாளியா, அழுத்தக்காரனா என்று பள்ளிக்கூடமே குழம்பியது. கடைசியில் ஹெட்மாஸ்டர் அவன் அப்பாவை வரவழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். போனால் மாடு மேய்க்க வேண்டியதுதான்.

அவன் அறிவாளிதான் என்று நிரூபிக்க டிங் சார் கோப்பையோடு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு ஓடினார். காது கேளாதவன் எப்படி இருப்பான் என்று ஒப்பிட்டுக் காட்ட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலில் எனக்குத் தட்டினார். வழக்கம் தெரிந்துவிட்டதால் நான் பளிச்சென்று திரும்பினேன். அவர் முகம் வெளிறியது. அடுத்து, சுவரைப் பார்த்து நின்ற கலியமூர்த்திக்குத் தட்டினார். அவன் அசையவில்லை. ஓங்கித் தட்டினார். கோப்பை உடைந்தது. அப்போதும் அவன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வகுப்பில் அவன் எதிரே நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். கரண்டி ஓங்கும்போதே எங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவன் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "கூப்ட்டா வரலன்னு அடிச்சிருக்கனே சார். திமிருன்னுல்ல நெனச்சேன்."

ஹெட்மாஸ்டர் கேட்டார்: "இப்ப இவன எந்த பெஞ்சுல போடப்போறீங்க?"

டிங் சார் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "காதும் கேக்கல, மூளையும் இருக்குது. ரெண்டும் ஒரே புள்ளைக்கு இருக்காதுன்னு நெனச்சுட்டேங்க. டி.சி. குடுக்காதீங்க. நான் எழுதியே நடத்திக்கிறேன்."

மறுநாள் இரண்டு பெஞ்சுகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துப் போட்டார். வருடம் முழுக்க எல்லாவற்றையும் போர்டில் எழுதினார். 'உட்காருங்கள்' என்று எழுதினார், 'சிரிக்காதே' என்று எழுதினார். என்னைப் பற்றிய சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவே இல்லை. போர்டில் எழுதிவிட்டு, என் காதிலும் வந்து கத்திவிட்டுப் போவார்.

கலியமூர்த்தி காலேஜில் கணக்குதான் படித்தான். டிங் சார் இப்போது இல்லை. டீக்கடையில் எனக்குப் பின்னால் யாராவது கரண்டியால் கோப்பையைத் தட்டினால், கேட்ட உடனே திரும்பிவிடுகிறேன். அவராக இருக்காதா என்றுதான்.