ரிமினிக்குப் போன தூங்கும் இளவரசி

கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நான் ஒரு பாட்டையும் முழுசாகப் பாடியதில்லை. வாயைத் திறந்தால் போதும், என் மனைவி எர்சிலியாவுக்கு வேலை ஞாபகம் வந்துவிடும். குழாய் ஒழுகும். உப்பு தீர்ந்துபோகும். ஆகவே ஒரு முடிவெடுத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு கிடக்க, ஊரறிய நான் பாட வேண்டும்.

நான் பாலாடைக்கட்டி வியாபாரி. இத்தாலியில் 'போ' என்னும் நதியின் கரையில் உள்ள எங்கள் சின்ன ஊரின் ஓபரா இசைநாடகக் குழுவுக்குச் செயலாளரும் நானே. இந்த முறை, நூறு வருஷம் தூங்கும் இளவரசியின் கதையைச் சிரிப்பு ஓபராவாகப் போடலாம் என்றேன். இளவரசன் நான். இளவரசி எர்சிலியா. முத்தம் கொடுக்கும்வரை கண்ணைத் திறக்கவே கூடாது.

மறுப்பாள் என்று பயந்தேன். உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் தூக்கத்தை நன்றாகப் பழக வேண்டுமாம். இரண்டு மாதம் அவள் கட்டிலில் பழகினாள். நான் சமையலறையில் பழகினேன்.

அரங்கேற்றத்தன்று அற்புதமாகப் பாடினேன். குனிந்து முத்தமிட்டேன். அவள் எழவில்லை.

"எழுந்திரு" என்று முணுமுணுத்தேன்.

"ஆகஸ்ட்ல நான் தங்கச்சிகூட ரிமினிக்குப் போறேன். ஒரு மாசம் கடற்கரை. நீங்க வரல." உதடே அசையவில்லை.

"வீட்ல பேசிக்கலாம்."

"அப்ப வீட்லயே எழுந்திரிக்கிறேன்."

வாத்தியக் குழுத் தலைவர் பால்தினி அதே இசையைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து என்னை முறைத்தார். மாடி இருக்கையிலிருந்து கசாப்புக் கடைக்காரர், இளவரசி செத்துவிட்டாளா என்று விசாரித்தார். நான் எர்சிலியாவிடம் சரி, சரி என்று வேகமாகத் தலையாட்டினேன்.

"தலையாட்டினா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடியிருக்கேன்ல. பாடுங்க."

பாடினேன். ரிமினிக்குப் போய் வா என்று உச்சஸ்தாயியில் பாடினேன்.

"எங்கம்மாவை யார் பாத்துக்கறது?"

உன் அம்மாவுக்கு மூன்று வேளையும் நானே சமைப்பேன் என்று அதையும் பாடினேன். முன்வரிசையில் மாமியார் எழுந்து நின்று கைதட்டினார்.

எர்சிலியா ரோஜாப்பூ மாதிரி கண் மலர்ந்தாள். எல்லாம் நாடகத்தில் உள்ளதென்றே நினைத்து, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் ஆயுளில் அப்படியொரு கைதட்டல் வாங்கியதில்லை. 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று அரங்கமே அதிர்ந்தது. பால்தினியும் முத்தக் காட்சியை மறுபடி தொடங்கக் குச்சியைத் தூக்கிவிட்டார்.

எர்சிலியா சபைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, சமர்த்தாக மறுபடியும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.