காணிப்பாக்கத்துக்கு வர மறுத்த டாக்டர்

கங்காதர நெல்லூர்

சௌபாக்கியவதி நளினிக்கு, நைனா ஏகாம்பரம் காலைப் பூசை முடித்து, திருநீறு உலராத கையால் எழுதுவது. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஐங்கரன் அருளால் நலமே வாழ்க. இங்கே நலமில்லை, சூழ்ச்சி நடக்கிறது.

திருப்பதி டாக்டர் ஹரிபாபு என் ரத்தத்தைச் சோதித்து, ஈரலில் ஹெபடைடிஸ் பி கிருமி பல்லாண்டாகக் குடியிருக்கிறது, கவனிக்காவிட்டால் புற்றுநோயில் முடியலாம் என்கிறார். கள்ளின் வாசனையும் அறியாத எனக்கா? அக்கிருமியிடம் ஒரு புரதம் உண்டாம், பெயர் எக்ஸ். ஊர் பேர் தெரியாதவனுக்குத்தானே அப்படிப் பெயர் வைப்பார்கள்? ஈரலின் உயிரணுவுக்குள் துவாரபாலகர் போல ஒரு காவல் நின்று, கிருமியின் மரபிழையைக் கட்டி வாயடைத்து வைக்குமாம். எக்ஸ் தன் கையால் அக்காவலைத் தொடாது. கோயில் ஆட்களையே, அதாவது உயிரணுவின் சொந்த வேலையாட்களையே, ஏவி, துவாரபாலகரைக் குப்பையென்று வெளியே எறியச் செய்யுமாம். பிறகு கிருமி பெருகும்; ஆண்டுகள் செல்ல, உயிரணுவும் அடக்கம் மறந்து பெருகிப் புற்றாகும். நீ ஃபோனில் சொன்னதும் இதுவே, துவாரபாலகர் உட்பட! ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நீயும் திருப்பதியில் இருக்கும் அவரும் ஒன்றையே சொன்னால், பேசிவைத்துக்கொண்டீர்கள் என்றுதானே பொருள்?

தினம் ஒரு மாத்திரை, அநேகமாக ஆயுள் முழுதுமாம். ஆகவே, "காணிப்பாக்கம் வந்து குளத்தில் முழுகி, இது கிருமியை அடியோடு விரட்டும் என்று விநாயகர் முன் சத்தியம் செய்யுங்கள்" என்றேன். கோழி களவு போனாலும் நம் பக்கத்தில் அதுதானே முறை? பொய்ச் சத்தியம் செய்தவனை அந்த விநாயகர் சும்மா விடமாட்டாரே! அவரோ, "வரமாட்டேன் சாமி. பெருகாம அடக்கி வெக்கும், கேன்சர் ஆபத்தக் கொறைக்கும். அடியோட போயிடும்னு சத்தியம் பண்ணமாட்டேன்" என்று முகம் துடைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு!

உன் அம்மா சுலோசனா, "டாக்டரு முழுகி எழுந்தாத்தான் மாத்திரை துன்னுவீங்களா? அதுவரிக்கும் ஈரலு காத்துக்கினு இருக்குமா?" என்கிறாள். கிருமி ரத்தவழி வீட்டாருக்கும் தொற்றியிருக்கலாம், அவள் ரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மறுபேச்சின்றித் தலையாட்டினாள். அதுவும் சந்தேகத்துக்கு உரியதே.

வேர் மருந்து தரும் துலுக்காணம் அப்படியா? "மூணே வேள சாமி! எக்ஸாவது, ஒய்யாவது, ஓடிப்பூடும்" என்றான், சத்தியத்துக்கும் உடனே இசைந்தான். நாளைக் காலை பஸ் ஏறுகிறோம். டாக்டரின் மாத்திரையைத் தொடேன், இது திண்ணம்.

ஈரலும் இல்லறமும் பழுதின்றி நீ நீடு வாழ்க.

ஆசிகளுடன்,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் காணிப்பாக்கம் போய்வந்தாயிற்று. குளத்துத் தண்ணீரைக் கண்டதும் துலுக்காணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். அவனுக்கு வழிகாட்ட முதலில் முழுகிய நான் மட்டும் ஈர வேட்டியோடு நின்றேன். குளக்கரைக்கு வராமலே பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சியவர் ஹரிபாபு ஒருவரே. மாத்திரையை விழுங்கிவிட்டேன். அம்மாவும் ரத்தம் கொடுத்துவிட்டாள். நீயும் குழந்தைகளும் சோதித்துக்கொள்ளுங்கள். சோதித்தாயிற்று என்று ஃபோனில் சொன்னால் நம்பமாட்டேன். ஊருக்கு வரும்போது குளம் இருக்கிறது.