விமானிக்கு நெஞ்சளந்த கமாலுதீன்

ஆளெடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அவரிடம் வேலை கேட்டு யாரும் வந்ததில்லை. கொடுக்க அவரிடம் வேலையும் இல்லை. ஆனாலும் எந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

காரைக்காலில் ஜவுளிக்கடை கமாலுதீன் எடுத்துக்கொண்டது விமானத்தை. அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. அதனாலென்ன? துணி அளக்கும்போதும், அளந்த துணியைக் கிழிக்கும்போதும், டீ குடிக்கும்போதும், பக்கத்துக் கடைக்காரர் தூங்கி விழும்போதும் விமானக் கம்பெனிகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருப்பார்.

"படிப்பைக் கேக்குறானுவ, கண்ணைப் பாக்குறானுவ. நெஞ்சை அளக்க வேணாமா? புயலே அடிச்சாலும் போறவன்தான் விமானி! எங்க பாட்டனாரு நடுக்கடல் புயல்ல பாயை இறக்காமக் கப்பல் விட்டவரு!"

அந்தக் கப்பல் இப்போது எங்கே? கல்யாணமான நாளிலிருந்து மனைவி ஆஸியா பீவிக்கு இந்தச் சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

இப்படியிருக்க, மகள் ரோஷன் பேகத்துக்கு நாகூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அலாவுதீன், நிஜமாகவே விமானி. பார்க்கக் கொடுத்த போட்டோவை ரோஷன் திருப்பித் தரவில்லை. பெற்றவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

கமாலுதீனுக்கோ, வாழ்நாளில் முதன்முதலாக ஒரு விமானி கையில் சிக்கியிருக்கிறான். விடுவாரா? பையன் வீட்டுக்கு வந்த அன்று ஆஸியா திரைக்குப் பின்னால் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவாச்சும் பாதியில திரும்பி வந்திருக்கீங்களா, தம்பி?"

"வந்திருக்கேன் மாமா. போன மழையில கூட. மேகம் சரியில்ல, திருப்பிட்டேன்."

"பயமா?"

"ஆமா மாமா. பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்களே."

பையன் போனதும் தீர்ப்பு வந்தது. "கோழைக்குப் பொண்ணு கிடையாது. நாளைக்கே நாகூர் போயி நேர்ல சொல்லிடுவோம். அதான் மரியாதை."

வாடகைக் காரில் கிளம்பினார். வழியிலாவது மனம் மாறாதா என்று ஆஸியாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். டிரைவர் முகைதீன் பிச்சை, கமாலுதீனே பொறுக்கி எடுத்த ஆள். பிரேக்கை விட ஹாரனை நம்புகிறவன் என்பதுதான் தகுதி.

பாதி வழியில் மழை கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் சாலை மேல் ஏறி ஓடியது. எது சாலை, எது வாய்க்கால்?

"பூந்துடலாம் முதலாளி! நெஞ்சு இருக்குல்ல!"

"நிறுத்துடா! யா அல்லா, திருப்புடா வண்டியை!"

"என்ன முதலாளி, உங்க பாட்டனாரு பாயை இறக்காம..."

"அந்தக் கப்பல் முழுகிப் போச்சுடா!"

வண்டி திரும்பியது. பிறகு ஆஸியா மெல்லச் சொன்னாள்: "ஏங்க, பின்னாடி உக்காந்து பாத்தா, அந்தப் புள்ளை நல்லாத்தான் தெரியுது."

கமாலுதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழை விடட்டும். போயி நாள் குறிச்சுட்டு வருவோம்."

மறுநாள் கடையில் அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. "நெஞ்சை அளந்து என்னய்யா பிரயோசனம்? விமானிக்குப் பயம் இருக்கான்னு பாக்கணும்! நான் அன்னைக்கே சொன்னேன்!"

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் பஸ்ஸில், "என்னய்யா மாட்டு வண்டியா ஓட்டுறே, முந்திப் போயேன்!" என்று டிரைவரை விரட்டியது யார்? உங்களுக்கு மறந்திருந்தால், முன் சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த அம்மாளைக் கேளுங்கள். அந்தக் குரல் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.